மூச்சைக் காத்த மருத்துவர்



லூமுட்டிலிருந்து ஈப்போவுக்கு எத்தனையோ முறை பஸ் ஏறியிருப்பீர்கள். அங்கே சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை இருக்கிறதே, அதைப் பழைய ஆட்கள் புரூஸ்டர் ரோடு என்பார்கள். அந்த ரோட்டில் 12ஆம் எண் கட்டடத்தில் ஒரு காலத்தில் ஒரு டாக்டர் கிளினிக் வைத்திருந்தார். காய்ச்சல், இருமல் என்று வந்தவர்களுக்கு மருந்து கொடுத்த அந்த மனிதர், ஆயிரக்கணக்கில் உயிரைக் குடித்த ஒரு கொள்ளை நோயை அடக்கியவர். அவர்தாம் டாக்டர் வூ லியென் தே.

1879ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். தகப்பனார் சீனாவிலிருந்து பிழைக்க வந்த பொற்கொல்லர். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிள்ளை பினாங்கு பிரீ ஸ்கூலில் படித்தான். 1896இல் இராணியார் உபகாரச் சம்பளம் கிடைத்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றான். 1903இல் டாக்டராகத் திரும்பி, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் சிறிது காலம் ஆய்வு செய்தார். பிறகு பினாங்கில் வைத்தியம் பார்த்தார். சும்மா இருந்தாரா? அபின் பழக்கத்தை எதிர்த்து முழங்கினார். கள்ளும் சம்சுவும் எத்தனை குடும்பங்களைக் கெடுத்தன என்று அறிந்த நமக்கு, அவர் ஏன் அப்படிக் கொதித்தார் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1908இல் சீன அரசின் இராணுவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றத் தியென்சின் நகருக்குப் போனார்.

1910ஆம் ஆண்டுக் கடைசியில் மஞ்சூரியாவில் ஒரு மர்ம நோய் பரவியது. காய்ச்சல், இருமல், இரத்தமாகச் சளி. ஓரிரு நாளில் ஆள் காலி. டிசம்பர் மாதம் ஹார்பின் நகருக்கு அரசு அனுப்பியவர் 31 வயது டாக்டர் வூ. உறைய வைக்கும் கடுங்குளிர். சீன மொழியும் அவருக்குச் சரளமாக வராது. ஆனாலும் போனார்.

அந்தக் காலத்தில் பிணத்தை அறுத்துப் பார்ப்பது வழக்கத்துக்கு விரோதம். அவர் இரகசியமாக ஒரு சடலத்தைச் சோதித்தார். நுண்பெருக்கியில் பிளேக் கிருமி தெரிந்தது. எலியின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சி கடித்துத்தான் பிளேக் வரும் என்று அன்றைய மருத்துவ உலகம் நம்பியது. டாக்டர் வூ கண்டதோ வேறு. இது நுரையீரலைத் தாக்கும் பிளேக். இருமும்போது தெறிக்கும் துளிகளால் மனிதனிடமிருந்து மனிதனுக்குத் தாவுகிறது. ஆகவே மூக்கையும் வாயையும் மூடுங்கள் என்றார். மெல்லிய துணிக்கு நடுவே பஞ்சு வைத்து முகக்கவசம் செய்து கொடுத்தார்.

மெஸ்னி என்ற மூத்த பிரெஞ்சு டாக்டர் இதை ஏற்கவில்லை. இளையவரான டாக்டர் வூவை அவமதித்தும் பேசினார். முகக்கவசம் இல்லாமலே நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில் அதே நோயால் மாண்டார். பெரிய படிப்பு படித்தவர்தாம், பாவம்! கண்ணெதிரே இருந்த உண்மையைவிடத் தம் பழைய எண்ணத்தை நம்பிவிட்டார். அதன் பிறகு ஊரே முகக்கவசம் அணிந்தது.

நோயாளிகளை ஒளித்து வைத்த குடும்பங்களும் இருந்தன. வீடு வீடாகச் சோதனை நடந்தது. இரயிலின் சரக்குப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, நோயாளியோடு பழகியவர்களை அவற்றில் தனியே தங்க வைத்தார். நிலம் பாறையாய் உறைந்து போனதால் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட சடலங்கள் அடக்கமாகாமல் கிடந்தன. மன்னரின் அனுமதி பெற்று, 1911 ஜனவரி 31ஆம் நாள் எரிக்கச் செய்தார். முன்னோரைப் புதைப்பதே புனிதம் என்று நம்பிய மக்களிடையே இது எவ்வளவு கடினம், எண்ணிப் பாருங்கள். மார்ச் 1ஆம் நாளோடு ஹார்பினில் நோய் நின்றது. மஞ்சூரியாவில் ஏறக்குறைய 60,000 பேர் இறந்திருந்தார்கள்.

அத்தோடு அவர் ஓயவில்லை. மர்மோட் என்னும் காட்டுப் பிராணியிடமிருந்து அந்நோய் வேட்டைக்காரர்களைத் தொற்றும் விதத்தை ஆராய்ந்தார். 1920-21இல் மீண்டும் நோய் வந்தபோதும் களத்தில் நின்றார். கண்டதையெல்லாம் திரட்டி, நுரையீரல் பிளேக் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். 1926இல் சர்வதேச சங்கம் அதை ஜெனிவாவில் வெளியிட்டது. 1935இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை, பணியின் பெருமையோ குறையவில்லை.

1937இல் சீனாவில் போர் மூண்டதும் மலாயா திரும்பி, ஈப்போவில் சாதாரண டாக்டராக அமர்ந்தார். ஏழைகளுக்கு இலவசமாகவும் வைத்தியம் பார்த்தார். ஈப்போவில் பேராக் நூலகம் அமைய நிதி திரட்டினார். 1960 ஜனவரி 21ஆம் நாள் பினாங்கில் காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

2020இல் கோவிட் வந்து நாமெல்லாம் நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டோடு அடைந்து கிடந்தோமே, மறந்திருக்க மாட்டீர்கள். முகத்தை மூடு, விலகி நில், நோயுற்றவரைத் தனியே வை என்று அன்று நமக்குச் சொன்னதெல்லாம், பினாங்குப் பொற்கொல்லர் மகன் 110 ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியவை.

பெற்றோர்களே, தொழிலாளத் தோழர்களே! நம்ம ஆளுங்க இருமல் வந்தா சொல்ல மாட்டாங்க. வேலை போயிடுமோ, அக்கம்பக்கத்துல ஒதுக்கிடுவாங்களோன்னு பயம். காசநோய் இன்னும் நம் நாட்டைவிட்டுப் போகவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்காவிட்டால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்ச் சளியைச் சோதித்துப் பாருங்கள். மருந்தை ஒழுங்காக உண்டால் குணமாகும் நோய் அது. ஒளித்து வைத்தால் வீட்டுப் பிள்ளைக்குத்தான் ஆபத்து.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்குவீர்கள். கை தட்டுவோம். பரிசு கிடைக்காத பிள்ளையும் மனம் தளர வேண்டாம். நன்றாகப் படியுங்கள், படித்ததைச் சோதித்துப் பாருங்கள், உண்மை என்று தெரிந்தால், பெரியவர்கள் சிரித்தாலும் பணிவோடு அதைச் சொல்லுங்கள். அடுத்த முறை ஈப்போவுக்குப் போகும்போது, அப்பா அம்மாவிடம் அந்தச் சாலையைக் காட்டச் சொல்லுங்கள்.