பொன்னான் ஆண்டகையும் நம் ஆண்பிள்ளைகளின் பள்ளியும்



யூபிலி மலரில் பள்ளியைப் பற்றி ஒரு கட்டுரை இடம்பெற வேண்டும் என்று மலர்க்குழுவினர் நம்மிடம் கேட்டுக்கொண்டனர். கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்களில், தாத்தாவோ தந்தையோ மகனோ கடலூர் புனித வளனார் பள்ளியின் வாங்கில் அமராத குடும்பம் அரிது என்றே சொல்லலாம். அப்பள்ளி 1868-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது என்பதும் நம்மில் பலர் அறிந்ததே. ஆனால் அதற்கு வேர் 24 ஆண்டுகளுக்கு முன்னரே பாண்டிச்சேரியில் விடப்பட்டது. அதை ஊன்றியவர் கிளமெண்ட் பொன்னான் ஆண்டகை. அவரைப் பற்றியே எழுதத் துணிந்தோம்.

அவர் 1796-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பிரான்சு நாட்டில், லியோன் நகரை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சியில் கோவில்கள் பூட்டப்பட்டு, குருக்கள் தலைமறைவாக வாழ்ந்த காலம் அப்போதுதான் ஓய்ந்துகொண்டிருந்தது. குருவான பின் பாரீஸ் அந்நிய வேதபோதக சபையில் சேர்ந்து, 1824-இல் நம் நாட்டுக்கு வந்தார். சூயஸ் கால்வாய் திறக்கப்படாத நாள் அது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் கப்பலில் வரவேண்டும். தமிழ் கற்றார்; பின்னர் தெலுங்கு நாட்டுக்கு அனுப்பப்பட்டு அம்மக்களிடையே உழைத்தார். 1833-இல் பாண்டிச்சேரியில் எபேர் ஆண்டகைக்குத் துணை ஆயரானார். 1836-இல் எபேர் ஆண்டகை காலமாகவே, முழுப்பொறுப்பும் இவர் தோளில் விழுந்தது.

அந்தப் பொறுப்பு எத்தகையது? சேசு சபை 1773-இல் கலைக்கப்பட்டபின், அவர்கள் வளர்த்த தமிழகத் திருச்சபையைப் பாரீஸ் சபையினர் ஏற்றுக்கொண்டிருந்தனர். புரட்சியினால் பிரான்சிலிருந்து குருக்கள் வரவில்லை. தெலுங்கு நாடு, மைசூர், கோயமுத்தூர், சேலம், தஞ்சை என்று பரந்து கிடந்த நிலத்துக்கு விரல்விட்டு எண்ணத்தக்க குருக்களே இருந்தனர். போதாததற்கு, கோவாவைச் சார்ந்த குருக்களுக்கும் உரோமையிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கும் இடையே அதிகாரப் பூசல். ஒரே ஊரில் இரண்டு கட்சி, இரண்டு சாமியார். பொன்னான் ஆண்டகை தம் சுமையைப் பகிர்ந்துகொள்ளத் தயங்கவில்லை. மதுரைப் பகுதியைத் திரும்பி வந்த சேசு சபையாரிடம் ஒப்படைத்தார். பின்னர் 1850-இல் மைசூரும் கோயமுத்தூரும் தனியாகப் பிரிக்கப்பட்டன. தம் ஆட்சி எல்லை சுருங்குவதைக் கண்டு வருந்தாத ஆயர்கள் எக்காலத்திலும் மிகச் சிலரே.

ஆனால் எல்லையைப் பங்கிட்டால் மட்டும் குருக்கள் பெருகிவிடுவார்களா? கப்பலை எதிர்பார்த்துக் கடற்கரையில் நிற்கும் திருச்சபை எத்தனை நாள் நிற்கும்? இந்தக் கேள்வியோடுதான் அவர் 1844-ஆம் ஆண்டு சனவரி 18-ஆம் நாள் தம் குருக்களைக் கூட்டினார். சினோது என்று அந்நாளில் சொல்லப்பட்ட பாண்டிச்சேரி மாமன்றம் அதுவே. நாம் குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்தபோது இம்மாமன்றம் இரண்டு மதிப்பெண் கேள்வியாக இருந்தது. ஆண்டும் ஆயர் பெயரும் எழுதினால் போதும். அங்கே என்ன நடந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே படித்து அறிந்தோம்.

அங்கே பேசப்பட்டதன் சாரம் இதுதான். இந்நாட்டுச் சிறுவர்களைக் குருக்களாக உருவாக்க வேண்டும். அதற்கு முதலில் அவர்களுக்கு நல்ல பள்ளி வேண்டும். உபதேசியாராகவும் கோவில்பிள்ளையாகவும் இருந்தால் போதும் என்று நம்மவர்களை நினைத்த காலத்தில் இது சிறிய பேச்சன்று. லுக்கே என்ற இளம் குரு மாமன்றத்தின் தீர்மானங்களை உரோமைக்குக் கொண்டுசென்றார். மறுஆண்டு, 1845 நவம்பர் 23-ஆம் நாள், உரோமைத் திருச்சபை உலகின் வேதபோதக நாடுகளுக்கெல்லாம் ஒரு கட்டளை மடல் விடுத்தது. சுதேசக் குருக்களை வெறும் உதவியாளர்களாக நடத்தும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும், ஆயர் பொறுப்புக்கும் அவர்களைத் தகுதியாக்க வேண்டும் என்பது அதன் கருத்து. நம் மறைமாவட்டத்தில் எழுந்த குரலுக்கு அம்மடலில் பெரும்பங்கு உண்டு.

அதே 1844-இல் பாண்டிச்சேரிக் குருமடப் பள்ளி புது வடிவம் பெற்றது. பெத்தி செமினேர் என்று இன்றும் நாம் அழைக்கும் பள்ளி அந்த ஆண்டையே தன் தொடக்கமாகக் கொண்டாடுகிறது. பெயரின் பொருள் சிறிய குருமடம் என்பதாகும். ஆனால் குருவாக விரும்பும் பிள்ளைகளுக்கு மட்டும் என்று அதன் கதவு அடைக்கப்படவில்லை. இல்லறத்தில் வாழப்போகும் பிள்ளைகளும் அங்கே கற்றனர். நம் கணிப்பில் பொன்னான் ஆண்டகையின் காலத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளில் இதுவே மிகப் பெரியது. அதற்கு ஏற்ற துணைகளும் இருந்தன. 1840-இல் மிஷன் அச்சகம் தொடங்கியிருந்தது. அதைப் பேணிய துப்புயி அடிகளாரே முசே அடிகளாரோடு சேர்ந்து தமிழ் அகராதிகளைத் தொகுத்தார். பெண்பிள்ளைகள் எழுத்துப் படித்தால் குடும்ப மானம் போய்விடும் என்று எண்ணிய நாளில், 1844 அக்டோபரில் பிரான்சிஸ்கன் சகோதரிகள் சபையைத் தொடங்கியவரும் அவரே. அவ்வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது.

குருமடப் பள்ளிக்கு மாமன்ற ஆண்டில் தலைவராக வைக்கப்பட்டவர் பிரெசிலாக் அடிகளார். இங்கே நாம் ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். யூபிலி மலர்களில் சாதியைப் பற்றி எழுதுவது வழக்கமில்லை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பாண்டிச்சேரிக் கோவிலில் மக்களைப் பிரித்து வைத்த சுவரினால் 1745-இல் எழுந்த பூசலை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். நூறு ஆண்டுகள் கழித்தும் அந்த நோய் தீரவில்லை. அக்காலப் பாண்டிச்சேரிக் குருக்களில் பெரும்பாலோரைப் போலவே, பொன்னான் ஆண்டகையும் இவ்வழக்கங்களைப் பொறுத்துக்கொண்டு மெல்ல மெல்லவே மாற்ற வேண்டும் என்று கருதினார். வேகமாகப் போனால் குடும்பங்கள் திருச்சபையை விட்டே விலகிவிடும் என்பது அவர்கள் அச்சம். பிரெசிலாக் அடிகளாரின் மனச்சான்றோ அமைதி கொள்ளவில்லை. கோயமுத்தூரின் ஆயராக உயர்ந்தபின்னும் அந்தச் சஞ்சலம் தீராமல், பதவியைத் துறந்து தாயகம் சென்றார். 1856-இல் ஆப்பிரிக்காவுக்கென ஒரு வேதபோதக சபையைத் தொடங்கி, 1859-இல் அக்கண்டத்திலேயே கொள்ளைநோயில் மாண்டார்.

இருவரில் யார் செய்தது சரி? பொறுமை காட்டியதால் பள்ளி நிலைத்தது என்று ஒருவர் சொல்லலாம். பொறுமையின் விலையைக் கொடுத்தவர்கள் வாங்கில் இடம் கிடைக்காத பிள்ளைகளே என்று மற்றவர் சொல்லலாம். நாம் பொன்னான் ஆண்டகையைப் பெரிதும் மதிக்கிறோம். இந்த ஒன்றில் பிரெசிலாக் அடிகளாரின் பக்கமே நம் மனம் சாய்கிறது.

1858-இல் இந்திய வேதபோதக நாடுகள் அனைத்தையும் பார்வையிட்டு அறிக்கை அளிக்கும் பெரும்பணியைத் திருத்தந்தை இவரிடம் ஒப்படைத்தார். வயது 60-ஐத் தாண்டிவிட்டது. இந்நாட்டில் இரயில் பாதைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே இருந்தன. மாட்டுவண்டியும் பல்லக்கும் படகுமாக மலையாள நாடு, இலங்கை, வடநாடு என்று சுற்றினார். செயலாளராக உடன்சென்றவர் லவுனான் அடிகளார். 1861 மார்ச் 21-ஆம் நாள், பணி முடியுமுன்னே, காசி நகரில் பொன்னான் ஆண்டகை உயிர் நீத்தார்.

அந்த லவுனான் அடிகளார் 1868-இல் பாண்டிச்சேரியின் ஆயரானார். அதே ஆண்டில்தான் கடலூரில் புனித வளனார் பள்ளி பிறந்தது. பாண்டிச்சேரி பிரெஞ்சுக் கொடியின் கீழ். கடலூரோ ஆங்கிலேயர் ஆட்சியில், மஞ்சக்குப்பத்துக் கலெக்டர் கச்சேரியின் நிழலில். அங்கே பிரெஞ்சு படித்தால் வேலை. இங்கே ஆங்கிலம் படித்தால்தான் குமாஸ்தா வேலையாவது கிடைக்கும். 1854-ஆம் ஆண்டுக் கல்வி ஆணைக்குப் பின் தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியமும் கிடைக்கத் தொடங்கியிருந்தது. கல்விப் பசி நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. 1864-இலேயே சிதம்பரத்தில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார். மிஷன் பள்ளியில் தாம் கற்ற முறையையே தம் சமயத்துக்குப் பயன்படுத்திக்கொண்ட அவர் திறமையை நாமும் பாராட்டுவோம். புனித வளனார் பள்ளி சில காலம் இரண்டாந்தரக் கல்லூரியாகவும் விளங்கியது. 1978-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபோது மேல்நிலைப்பள்ளிகள் உருவாயின. 1991-இல் புனித வளனார் பெயரிலேயே கடலூரில் கலைக்கல்லூரி எழுந்தது.

மாமன்றம் கனவு கண்ட தமிழ் ஆயர் நம் மறைமாவட்டத்துக்கு எப்போது கிடைத்தார்? 1955-இல், அம்புரோஸ் இராயப்பர் ஆண்டகை பேராயராக நியமிக்கப்பட்டபோது. தூத்துக்குடிக்கு 1923-இலேயே ரோச் ஆண்டகை கிடைத்துவிட்டார். குரல் எழுப்பிய வீடு 111 ஆண்டுகள் காத்திருந்தது.

பொன்னான் ஆண்டகை பிறந்த நாள் மே 20. அன்று பள்ளிகள் கோடை விடுமுறையில் பூட்டிக்கிடக்கும். இறந்த நாள் மார்ச் 21. அப்போது அரசுத் தேர்வுக் காலம், ஆசிரியருக்கும் பிள்ளைகளுக்கும் வேறு நினைவே இராது. ஆகையால் இரு நாளிலும் அவரை எவரும் நினைப்பதில்லை. தேர்வு நாட்களில் நம் பையன்கள் ஹால் டிக்கெட்டும் பேனாவும் கையுமாகக் காலைத் திருப்பலிக்கு வந்து பீடத்தருகே ஆசீர் பெற்றுப் போவது வழக்கம். வருகிற மார்ச் 21 காலைத் திருப்பலியை அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கிறோம். பூசை ஆறு மணிக்கு. பையன்கள் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிடட்டும்.