சீனம் போற்றிய செம்மல்

வீரமாமுனிவரைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். இத்தாலி நாட்டிற் பிறந்து, தமிழகம் போந்து, தமிழ் கற்றுத் தமிழ்ச் சான்றோருள் ஒருவராக வாழ்ந்தவர் அவர். அவர் தமிழகத்தில் அடி வைப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே, அதே இத்தாலியில் தோன்றி, அதே இயேசு சபையைச் சேர்ந்து, சீன நாட்டில் அத்தகைய வாழ்வு வாழ்ந்த பெரியார் ஒருவர் உண்டு. மத்தேயோ ரிச்சி என்பது அவர் பெயர். சீனர் அவரை லீ மாதோ என்று அழைத்தனர். வேற்று நாட்டிற் குடிபுகுவோர் எவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும், எவற்றை மாற்றலாகாது என்னும் வினாவுக்கு அவர் தம் வாழ்நாள் முழுதும் விடை தேடினார்.

இளமை

இத்தாலியின் நடுப்பகுதியில் மாசெரட்டா என்னும் ஊர் உளது. அவ்வூரில் மருந்து வணிகர் ஒருவரின் மகனாக 1552-ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள் 6-ஆம் நாள் ரிச்சி பிறந்தார். மகன் சட்டம் பயின்று உயர்பதவி எய்த வேண்டும் என்று தந்தையார் விரும்பினார். அதற்காக 1568-இல் அவரை உரோமாபுரிக்கு அனுப்பினார். ஆனால், மைந்தரின் உள்ளம் துறவையே நாடியது. 1571-இல் அவர் இயேசு சபையிற் சேர்ந்தார். அச்சபையின் கல்லூரியில் கிளாவியுஸ் என்னும் பெரும் கணித அறிஞர் ஆசிரியராக விளங்கினார். அவரிடம் ரிச்சி கணிதமும் வானநூலும் கற்றார். கடிகாரங்களின் அமைப்பையும் உலகப் படம் வரையும் முறையையும் அறிந்துகொண்டார். இக்கல்வி பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் துணைசெய்தது.

இந்தியாவில்

1578-ஆம் ஆண்டு லிஸ்பன் துறையிற் கலமேறிய ரிச்சி, ஆறு திங்கள் கடலிற் பயணஞ்செய்து செப்டம்பரில் கோவாவை அடைந்தார். அங்கும் கொச்சியிலும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தங்கினார். கொச்சியிலேதான் 1580-இல் அவர் குருப்பட்டம் பெற்றார்.

அந்நாளில் கோவாவில் ஆட்சி செலுத்தியவர் போர்ச்சுகீசியர். இந்திய மாணவர் தத்துவமும் இறைநூலும் கற்றால் செருக்குறுவர் எனக் கருதிய சிலர், அக்கல்வியை அவர்களுக்கு மறுக்க முற்பட்டனர். இளைஞராகிய ரிச்சிக்கு இஃது அடாத செயலாகத் தோன்றியது. கற்றவர் எந்நாட்டினராயினும் செருக்குறல் கூடும் என்றும், அது பற்றி ஒரு நாட்டாருக்கு மட்டும் கல்வியை மறுத்தல் முறையன்று என்றும் உரோமாபுரியிலிருந்த தலைவருக்கு அவர் மடல் எழுதினார். பிற நாட்டாரைத் தாழ்வாக நோக்காத இப்பண்பே அவருடைய பிற்கால வாழ்வுக்கு அடிப்படையாயிற்று.

சீனம் புகுதல்

அக்காலத்தில் சீனம் அயலாருக்கு எளிதில் வாயில் திறவாத நாடாக இருந்தது. மக்காவ் என்னும் துறைமுகத்தில் போர்ச்சுகீசிய வணிகர் தங்கியிருந்தனர். அவ்விடத்தைக் கடந்து உள்நாட்டில் நிலையாக வாழ அவர்களுக்கு இசைவில்லை. 1582-இல் மக்காவை அடைந்த ரிச்சி, முதற்கண் சீன மொழியைக் கற்கத் தொடங்கினார். அம்மொழிக்கு நம் மொழிபோல நெடுங்கணக்கு இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய குறியினை மனத்திற் பதித்தல் வேண்டும். ஒரே ஓசை, குரலின் ஏற்ற இறக்கத்தால் வேறு வேறு பொருள் தரும். ரிச்சி சலியாது உழைத்து அதில் தேர்ச்சி பெற்றார்.

1583-இல் தம் தோழர் ருஜ்ஜியேரியுடன் அவர் தென்சீனத்தில் உள்ள ஜாவோசிங் நகரிற் குடியேறினார். அந்நகர மக்களோ அவர்களை ஐயக்கண் கொண்டே நோக்கினர். மக்காவில் உள்ள அயலார் குழந்தைகளைக் கவர்ந்து விற்பர் என்னும் பேச்சு எங்கும் பரவியிருந்தது. சிறுவர் அவர்களுடைய வீட்டின்மேல் கல்லெறிவதும் உண்டு. ஒருநாள் வீட்டுப் பணியாளர், கல்லெறிந்த சிறுவன் ஒருவனைப் பிடித்துச் சிறிது நேரம் நிறுத்திவைத்துப் பின்னர் விட்டனர். அதனையே காரணமாகக் கொண்டு, அவனை மயக்கி விற்க முயன்றனர் என்று ஒருவர் வழக்குத் தொடுத்தார். நகரத் தலைவர் சான்றுகளைக் கேட்டு வழக்குப் பொய்யென்று தெளிந்து, பொய்வழக்கிட்டவருக்குத் தண்டனை விதித்தார். அப்போது அவரை மன்னிக்குமாறு வேண்டி நின்றவர் ரிச்சியே ஆவர். மக்கள் தம்மை வெறுத்தற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று, அச்சமும் ஆகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

உலகப் படம்

ரிச்சியின் வீட்டுச் சுவரில் ஐரோப்பிய உலகப் படம் ஒன்று தொங்கியது. வந்தவர் அனைவரும் அதனை வியந்து நோக்கினர். ஆயினும், சிலருக்கு அது மனக்குறையை விளைத்தது. உலகின் நடுவே அமைந்தது தம் நாடு என்பது சீனர் கொள்கை. அவர்தம் படங்களில் சீனமே பேரிடம் கொள்ளும். ஏனைய நாடுகள் ஓரங்களிற் சிறு தீவுகள் போலக் காணப்படும். ஐரோப்பியர் படத்திலோ சீனம் கீழ்க்கோடியில் ஒதுங்கி நின்றது.

நகரத் தலைவராகிய வாங் பான், அப்படத்தைச் சீன மொழியில் ஆக்கித் தருமாறு கேட்டார். ரிச்சி 1584-இல் அவ்வாறே வரைந்தார். அப்போது அவர் செய்த செயல் அறிவுடையார் போற்றத் தக்கது. நாடுகளின் அளவையோ தொலைவையோ அவர் மாற்றவில்லை, கடல்களைச் சுருக்கவுமில்லை. உலகம் உருண்டையாதலின், தாளின் நடுவில் எந்நாட்டை வைப்பினும் அது பிழையாகாது என்று உணர்ந்து, சீனம் நடுப்பகுதியில் வருமாறு படத்தை அமைத்தார். உண்மையும் குன்றவில்லை, காண்போர் மனமும் புண்படவில்லை. சீனத்திற்கும் ஐரோப்பாவுக்கும் இடையே உள்ள நெடுந்தொலைவை அப்படம் காட்டியமையால், அயலார் படையெடுத்து வருவரோ என்னும் அச்சமும் சிறிது தணிந்தது.

உடையும் மதிப்பும்

சீனம் புகுந்தபோது ரிச்சியும் அவர் தோழரும் தலையை மழித்துப் புத்தத் துறவியரைப் போல உடை உடுத்தனர். துறவியர்க்குத் துறவியர் உடையே ஏற்றது என்பது அவர்கள் எண்ணம். சப்பான் நாட்டில் அவ்வுடைக்குப் பெருமதிப்பு இருந்ததும் அவர்களுக்குத் தெரியும். ஆனால், ஒரு நாட்டில் மதிப்புப் பெறுவது மற்றொரு நாட்டிலும் மதிப்புப் பெறும் என்பது உறுதியன்று. சீனத்தில் ஆட்சித்துறையிலும் கல்வியிலும் சிறந்தோர், கன்பூசியஸ் வகுத்த நெறியைப் பின்பற்றியவர்கள். அவர்களுட் பலர் புத்தத் துறவியரைத் தமக்கு நிகராக மதிக்கவில்லை. அவ்வுடையில் வந்த ரிச்சியை எங்ஙனம் வரவேற்பது என்று அவர்கள் தடுமாறினர்.

1589-இல் புதிதாக வந்த மாகாண ஆளுநர், அவர்களை ஜாவோசிங்கை விட்டு வெளியேற்றினார். ரிச்சி ஷாவோஜோ என்னும் ஊருக்குச் சென்றார். அங்கே சியூ ரூகுயி என்னும் கற்றறிந்த இளைஞர், கணிதம் பயில அவரிடம் மாணவராய் வந்தார். பின்னர் உற்ற நண்பரானார். துறவியுடையை நீக்கிக் கற்றோர்க்குரிய உடையை அணியுமாறு அவர் எடுத்துரைத்தார். ரிச்சி தம் தலைவரின் இசைவு பெற்று, 1595-இல் அவ்வாறே செய்தார். தலைமயிரையும் தாடியையும் வளர்த்தார். பட்டு அங்கியும் உயர்ந்த தொப்பியும் அணிந்தார். கற்றோரைக் காணச் செல்லுங்கால் முன்னரே பெயர்ச்சீட்டு அனுப்புதல், முறைப்படி வணங்குதல், கையுறை வழங்குதல் ஆகிய வழக்கங்களையெல்லாம் கைக்கொண்டார்.

உடை மாறியதால் மட்டும் சீன அறிஞர் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. உடைக்கேற்ற கல்வி அவரிடம் இருந்தது. கன்பூசிய நெறியின் அடிப்படையான நான்கு நூல்களையும் அவர் கற்று, இலத்தீனில் மொழிபெயர்க்க முயன்றிருந்தார். நான்சாங் நகரில் அறிஞர் சிலர், ஒன்றோடொன்று தொடர்பில்லாத சீனக் குறிகள் பலவற்றை எழுதித் தந்தனர். ரிச்சி அவற்றை ஒருமுறை படித்து, வரிசையாகவும் பின்னர்த் தலைகீழாகவும் ஒப்பித்தார். அவ்வூரிலேயே நட்பைப் பற்றி ஒரு சிறு நூலைச் சீன மொழியில் இயற்றினார். மேலைநாட்டுச் சான்றோர் கருத்துகள் அந்நூலில் தொகுக்கப்பெற்றிருந்தன. நட்பை ஐவகை உறவுகளுள் ஒன்றாகப் போற்றிய சீனர், அதனை விரும்பிப் படித்தனர்.

தலைநகர்ப் பயணம்

பேரரசரின் தலைநகராகிய பெய்ஜிங்கை அடைவது ரிச்சியின் நெடுநாள் விருப்பம். 1600-ஆம் ஆண்டு, பேரரசருக்கு உரிய பரிசுப் பொருள்களோடு அவர் புறப்பட்டார். வழியில் வரி தண்டும் அரண்மனை அலுவலராகிய மா தாங் என்பவர் அவரைத் தடுத்து நிறுத்தினார். பொருள்களைச் சோதித்தபோது, பாடுபட்ட சுரூபம் ஒன்று அகப்பட்டது. சிலுவையில் அறையப்பட்டுக் குருதி வழிய நிற்கும் மனித உருவத்தைக் கண்ட அலுவலர் திடுக்கிட்டார். பேரரசரைக் கொல்வதற்காகச் செய்த சூனியப் பொருள் அது என்று அவர் ஐயுற்றார்.

ரிச்சியின் நிலை மிகவும் இக்கட்டாயிற்று. தமக்கு மிகப் புனிதமான பொருள், பிறர் கண்ணுக்குக் கொடியதாகத் தோன்றியதை அவர் கண்டார். அவர் சினங்கொள்ளவில்லை, தம் சமயத்தை மறுத்துரைக்கவும் இல்லை. மக்களுக்காகத் துன்புற்று இறந்த பெரியார் ஒருவரின் உருவம் அது என்று அமைதியாக எடுத்துரைத்தார். அத்தகைய பெரியாரை அந்நிலையில் வடித்துவைத்தல் தகாது என்றே அங்கிருந்தோர் கருதினர். சில திங்கள் அவர் காவலில் வைக்கப்பட்டார். இறுதியில், தானே மணியடிக்கும் கடிகாரத்தைக் காணப் பேரரசர் வான்லி விரும்பியதால் தடை நீங்கியது. 1601-ஆம் ஆண்டு சனவரி 24-ஆம் நாள் ரிச்சி பெய்ஜிங் நகரிற் புகுந்தார்.

அரண்மனையார் அக்கடிகாரங்களை இயக்கக் கற்றனர். அவை பழுதுறும்போதெல்லாம் ரிச்சியின் உதவி தேவைப்பட்டது. ஆதலின், தலைநகரில் தங்க அவருக்கு இசைவு கிடைத்தது. ஆயினும், வான்லி பேரரசர் அவரை நேரிற் காணவே இல்லை. வெற்று அரியணை முன் முறைப்படி வணங்கியதே ரிச்சி பெற்ற பேறு ஆகும்.

அறிவுத் தொண்டு

பெய்ஜிங்கில் வாழ்ந்த காலத்தில் அவர் ஆற்றிய பணிகள் பல. லீ ஜிசாவ் என்னும் அறிஞரின் துணையுடன் 1602-இல் பெரியதோர் உலகப் படத்தை வெளியிட்டார். ஆறு பகுதிகளாக அச்சிட்ட அப்படம் ஏறத்தாழ 12 அடி அகலமும் 5 அடிக்கு மேற்பட்ட உயரமும் உடையது. ஷூ குவாங்சி என்னும் பேரறிஞருடன் சேர்ந்து, யூக்ளிட் இயற்றிய வடிவ கணித நூலின் முதல் ஆறு பகுதிகளை 1607-இல் சீன மொழியில் ஆக்கினார். ரிச்சி பொருள் கூறுவார். ஷூ அதனைத் தூய சீன நடையில் எழுதுவார். வடிவ கணிதத்திற்கு அவர்கள் வழங்கிய சீனப் பெயரே இன்றும் வழக்கில் உள்ளது.

எனினும், ரிச்சியிடம் குறையே இல்லை எனக் கூறல் பொருந்தாது. கன்பூசிய நெறியிடம் அவர் காட்டிய பரிவைப் புத்த சமயத்திடம் காட்டவில்லை. அதனைத் தம் நூலிற் கடுமையாகத் தாக்கினார். புத்தத் துறவியர் சிலர் அதற்கு மறுப்பு எழுதினர். ஒருசாராரின் உணர்வை நன்கு அறிந்த அவர், மற்றொரு சாராரின் உணர்வை அந்த அளவு அறிந்துகொள்ள முயலவில்லை.

மறைவும் பின்விளைவும்

1610-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள், தம் 57-ஆம் அகவையில் ரிச்சி காலமானார். அதுவரை அயல்நாட்டுக் குருமார் உடலை மக்காவிலேயே அடக்கம் செய்வது வழக்கம். ரிச்சிக்காகத் தோழர் விண்ணப்பம் செய்தனர். பேரரசரும் தலைநகரின் மேற்கு வாயிலுக்கு வெளியே அவருக்கு நிலம் அளித்தார். அக்கல்லறை பிற்காலக் கலகங்களிற் சிதைந்து, மீண்டும் சீர்செய்யப்பட்டு, இன்றும் அங்கே நிற்கிறது.

முன்னோரை வணங்குதல் சீனர் இல்லந்தோறும் உள்ள வழக்கம். அது நன்றியுணர்வைக் காட்டும் சடங்கே என்று கருதிய ரிச்சி, கிறித்தவரான சீனர் அதனைக் கைவிட வேண்டுவதில்லை எனக் கொண்டார். அவர் மறைந்த பின்னர் இக்கருத்துப் பெரும் பூசலை விளைத்தது. உரோமாபுரி 1704-லும் 1715-லும் அவ்வழக்கத்தைத் தடைசெய்தது. தம் நாட்டு வழக்கத்தை அதனை அறியாதவர் இழித்துரைப்பதைக் கண்ட காங்சி பேரரசர் சினந்து, 1721-இல் சமயப் பணிக்கே தடைவிதித்தார். ஒருவர் இருபத்தேழு ஆண்டுகள் பொறுமையுடன் ஈட்டிய நம்பிக்கை இவ்வாறு சிதைந்தது. 1939-இல்தான் உரோமாபுரி தன் தடையைத் தளர்த்தியது.

ரிச்சி தம் சமயத்தையோ தாம் கற்ற அறிவியலையோ மாற்றிக்கொள்ளவில்லை. தம் உடையையும் நடையையும், பிறரை நோக்கும் நோக்கையும் மாற்றிக்கொண்டார். தம் ஊரில் மதிப்பாகக் கருதப்படுவது பிறிதோர் ஊரில் இழிவாகத் தோன்றலாம் என்பதை அவர் பட்டறிவால் உணர்ந்தார். கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் பிற மாநிலங்களுக்கும் பிற நாடுகளுக்கும் செல்லவிருக்கும் மாணவர்கள், அங்குள்ளார் மொழியை முதலிற் கற்று, அவர்தம் வழக்கங்களின் பொருளை அறிந்து, அதன் பின்னரே அவை பற்றிக் கருத்துரைப்பாராக. அவர் வாழ்வு நமக்குக் காட்டும் நெறி அதுவே ஆகும்.