கடுங்குளிர் கண்ட கமர்லிங் ஒன்னஸ்

அணுக்கரு இணைவுப் பொறிகளிலே சூரியனின் வெம்மையை விஞ்சும் பிளாஸ்மாவை அடக்கியாளும் காந்தச் சுருள்கள், கடுங்குளிரிலே தொழிற்படுவன என்பது விந்தையன்றோ? அவ்விந்தைக்கு வித்திட்டவர் ஒல்லாந்து தேசத்துப் பௌதிக அறிஞர் ஹைக்க கமர்லிங் ஒன்னஸ் ஆவார். அன்னாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

செங்கற்சூளை உரிமையாளர் ஒருவரின் மைந்தராக 1853 ஆம் ஆண்டு குறோனிங்கன் நகரிற் பிறந்த ஒன்னஸ், ஜேர்மனியின் ஹைடெல்பேக்கிலே புன்சன், கிர்க்கோவ் ஆகிய பேராசான்களிடம் பயின்றார். 1882 இல், தமது 29 ஆம் வயதில், லெய்டன் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியரானார். நுண்ணிய அளவீட்டினாலேயே மெய்யறிவு கிட்டும் என்பது அவர் கொள்கை. அதற்குக் கைதேர்ந்த தொழில் வல்லோர் வேண்டுமென உணர்ந்து, கருவி செய்வோருக்கும் கண்ணாடி ஊதுவோருக்கும் ஒரு பயிற்சிப் பள்ளியையே உருவாக்கினார்.

இடர்களும் வந்தன. 1807 இல் வெடிமருந்துக் கப்பலொன்று வெடித்து அழிந்த நகர்ப்பகுதியிலேயே அவரது ஆய்வுகூடம் நின்றது. அமுக்கிய வாயுக்களும் வெடிக்குமென நகரத்தார் அஞ்சியமையால், 1895 முதல் 1898 வரை குளிராக்கும் பணி தடைப்பட்டது. 1898 இல் இலண்டனிலே டூவர் ஐதரசனைத் திரவமாக்கி முந்திக்கொண்டார். ஒன்னஸ் மனந்தளர்ந்தாரல்லர். 1908 யூலை 10 ஆம் நாள் ஈலியத்தைத் திரவமாக்கி வெற்றி கண்டார். 1911 இல், ஏறத்தாழ -269 பாகை செல்சியசிலே, இரசத்தின் மின்தடை திடீரென மறைவதை அவரது ஆய்வுகூடத்தார் கண்டனர். அளவீட்டிலே துணைநின்றவர் ஹோல்ஸ்ட் என்பார். இப்பண்பே மீகடத்துதிறன் எனப்படும். 1913 இல் ஒன்னஸுக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

தடையற்ற கம்பியினாற் சுருள் செய்தால், வெப்பமின்றியே 1,00,000 கௌஸ் காந்தப்புலத்தை ஆக்கலாமென அவர் எண்ணினார். ஆயின், சில நூறு கௌஸ் புலத்திலேயே ஈயம் மீகடத்துதிறனை இழந்தது. சுருள் பிறப்பிக்கும் புலமே சுருளின் பண்பை அழிப்பதாயிற்று. 1926 இல் அவர் மறையும்வரை அவ்வெண்ணம் ஈடேறவில்லை.

1961 இல், நயோபியமும் வெள்ளீயமும் கொண்ட சேர்வையொன்று 88,000 கௌஸ் புலத்திலும் மீகடத்தியாயிருத்தலை அமெரிக்க அறிஞர் கண்டனர். பிரான்சின் கடராஷிலே அமைக்கப்பட்டுவரும் இற்றர் என்னும் இணைவுப் பொறியின் 18 பெருஞ்சுருள்கள் அச்சேர்வையினால் ஆயவை. 15 கோடிப் பாகை வெம்மையுடைய பிளாஸ்மா சுவரைத் தீண்டாவண்ணம் காத்தல் அவற்றின் பணி. செப்புச் சுருளாயின், தடையினாற் சூடேறிப் பெருமளவு மின்னை வீணாக்கும். இச்சுருள்களோ ஈலியத்தின் குளிரிலே 1,18,000 கௌஸ் வரை தாங்குமாறு ஆக்கப்பட்டவை.

ஒன்னஸ் விழைந்த எல்லையைப் பின்வந்தோர் கடந்துவிட்டனர். மாணவச் செல்வர்காள்! தம் வாழ்நாளிற் கைகூடாதது கண்டும் அளத்தலை விடாத அப்பெரியாரின் பொறுமையை நாமும் கைக்கொள்வோமாக.