கடனால் நலிந்தோர்க்குக் கைகொடுத்த ரைபைசன்

கூட்டுறவுக் கடன் சங்கம் என்பதைக் கேள்விப்படாத சிற்றூர் நம் நாட்டில் அரிது. ஆயினும் அதற்கு வித்திட்டோருள் முதன்மையானவரான பிரீடிரிக் வில்ஹெல்ம் ரைபைசனை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. பிள்ளையின் படிப்புக்காக அண்டாவையும் குண்டாவையும் அடகு வைத்த பெற்றோர் நம்மில் பலர்க்கு உண்டு. ஆதலின் அப்பெரியாரின் வரலாறு நமக்கு அயலானதன்று.

அவர் 1818ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30ஆம் நாள், செருமனியின் மேற்குப் பகுதியில் ஹாம் என்னும் சிற்றூரில், ஒன்பது மக்களுள் ஏழாமவராகப் பிறந்தார். தந்தையார் நோயுற்றமையால் உயர்கல்வி வாய்க்கவில்லை. ஊர்ப் பாதிரியாரிடம் பாடம் கேட்டார். பதினேழாம் அகவையில் படையிற் சேர்ந்தார். கண்ணோய் காரணமாக அதனை விட்டு விலக நேர்ந்தது. 1845இல் வையர்புஷ் என்னும் ஊர்த்தொகுதியின் ஆட்சித் தலைவரானார்.

அடுத்த ஆண்டு விளைச்சல் பொய்த்தது. 1846-47ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அப்பகுதி பசியால் வாடியது. அரசு தானியம் அனுப்பியது. ஆனால் ரொக்கம் கொடுப்போர்க்கே வழங்குமாறு ஆணையிட்டது. கையில் காசிருந்தால் பசி ஏன் வரப்போகிறது? ரைபைசன் அவ்வாணையை மீறிக் கடனாகவே வழங்கினார். வசதி படைத்தோரிடம் பணம் திரட்டி, தானியம் வாங்கி, ரொட்டி சுடும் அடுப்பொன்றும் கட்டுவித்தார்.

1848இல் பிளாமர்ஸ்பெல்ட் என்னும் ஊர்க்கு மாற்றப்பட்டார். அங்கே உழவரை வாட்டியது மாட்டுக் கடன். வணிகர் கடனுக்கு மாடு கொடுப்பர். தவணை தவறினால் மாடு போகும், பின்னர் நிலமும் போகும். 1849இல் செல்வர்களைப் பிணை நிற்கச் செய்து ஓர் உதவிச் சங்கம் அமைத்தார். ஏழை உழவர் மாடு வாங்கிச் சிறு தவணைகளில் கடனைத் தீர்க்க அது வழிசெய்தது.

பின்னர் ஹெட்டஸ்டோர்ப் என்னும் ஊரில் 1854இல் நிறுவிய அறச்சங்கமே அவர் கருத்தை மாற்றியது. தமக்குப் பயனின்றிப் பிறர் கடனுக்குப் பொறுப்பேற்ற செல்வர்களின் ஊக்கம் நாளடைவில் தளர்ந்தது. ஈகையை நம்பி நிற்கும் சங்கம் நிலைக்காது என அவர் தெளிந்தார். 1864இல் கடன் பெறுவோரையே உறுப்பினராக்கிப் புதிய சங்கம் அமைத்தார். ஒருவர் கடனுக்கு உறுப்பினர் அனைவரும் பொறுப்பு, சங்கத்தின் எல்லை ஒருவரையொருவர் அறிந்த சிறு வட்டாரமே, நிர்வாகிகட்கு ஊதியமில்லை, மிகுதியான பணம் பங்கிடப்படாது சேமநிதியாகும். தனியொருவனை நம்பாத பணமுடையார், ஊரே கூடிப் பிணை நின்றபோது நம்பிக் கொடுத்தனர். அவர் கண்ட நுட்பம் இதுவே.

1863இல் மனைவியை இழந்தார். உடல் நலிவால் 1865இல் பதவியும் நீங்கியது. சிறு ஓய்வூதியம் போதாமையால் சுருட்டுத் தொழிலும் பின்னர்த் திராட்சை மது வணிகமும் நடத்தினார். பார்வை மங்கிய அவர்க்கு மகள் அமாலியே எழுத்துப் பணியில் கண்ணாக விளங்கினார். 1866இல் தம் பட்டறிவை நூலாக வெளியிட்டார். 1888ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் இயற்கை எய்தினார்.

பிரெடெரிக் நிக்கல்சன் ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து சென்னை அரசுக்கு அளித்த அறிக்கை 1895, 1897ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. அது ரைபைசனின் முறையைப் பெரிதும் போற்றியது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே திருவள்ளூரை அடுத்த திரூரில் சங்கம் தோன்றியது. ஆயின், ஊர் முழுதும் ஒருவர்க்கொருவர் பிணை நிற்கும் முறை, ஊரும் சேரியும் பிரிந்து கிடந்த நாட்டில் நம் முன்னோர்க்கு எங்ஙனம் பயன்படும்? சேரியானுக்காகக் கையொப்பமிட ஊரார் எத்தனைபேர் முன்வந்திருப்பர்? இவ்வினா ரைபைசனின் ஊரில் எழாதது.

1920களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்க்கெனத் தனிச் சங்கங்களை அமைத்தது. பண்ணையாரின் நிலத்தில் குடிசையிட்டு, அவர் சினந்தால் வெளியேற வேண்டியிருந்த குடும்பங்கள் பல, அச்சங்கங்களில் கடன் பெற்று, தவணைகளாகச் செலுத்தித் தமக்கென வீட்டுமனை பெற்றன.