விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாய்

அகமதாபாத்தின் புகழ்வாய்ந்த ஜைனத் தொழில் குடும்பமொன்றில், அம்பாலால் சாராபாய் – சரளாதேவி தம்பதியரின் மகனாக 1919 ஆகஸ்ட் 12 அன்று பிறந்தவர் விக்ரம் சாராபாய். கேம்பிரிட்ஜில் பயின்ற அவர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தாயகம் திரும்பி, பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1942இல் சென்னை வழக்கறிஞர் சுவாமிநாதனின் மகளும் நாட்டியக் கலைஞருமான மிருணாளினியை மணந்தார். 1947இல் முனைவர் பட்டம் பெற்று, அவ்வாண்டே அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைத் தோற்றுவித்தார்.

பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி அமைந்த தும்பா என்னும் கேரள மீனவச் சிற்றூரை ராக்கெட் தளத்திற்கு அவர் தேர்ந்தார். அங்கிருந்த மாதா கோயிலும் ஆயர் இல்லமும் பணியிடங்களாயின. மாட்டுத் தொழுவம் ஆய்வுக்கூடமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று ஏவப்பட்ட முதல் ராக்கெட், அக்கோயில் கட்டடத்திலேயே பொருத்தப்பட்டது. ஏவுமேடையில் அதனைத் தூக்கி நிறுத்தும் வேளையில் பாரந்தூக்கியில் கசிவு ஏற்படவே, பொறியாளர்கள் தம் தோள்வலியாலேயே அதனை நிமிர்த்தினர். அன்று மாலை வானில் ஒளிர்ந்த சோடியம் ஆவி, மேல்வளி மண்டலக் காற்றின் போக்கை ஆராய உதவியது.

ராக்கெட்டின் முகப்புக் கூம்பு, உள்ளிருக்கும் ஆய்வுக் கருவிகளைக் காக்கும் கவசமாகும். உரிய உயரத்தில் அது கழன்று விலகாவிடில், கருவிகள் பழுதின்றி இருந்தும் பயனில்லை. எனவே அவ்வமைப்பைத் தரையிலேயே சோதிப்பர். தும்பாவில் ஒருநாள் காலை, அத்தகைய சோதனையைத் தொடங்கிவைக்கச் சாராபாய் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நிகழவில்லை. உடனிருந்த அப்துல் கலாமும் பிரமோத் காலேயும் திகைத்தனர். நேரங்காட்டும் மின்சுற்றை நீக்கி, வெடிப்பொறிக்கு நேரடி இணைப்புக் கொடுத்தபின் கூம்பு கழன்றது. சாராபாய் இருவரையும் பாராட்டினார். எனினும் அவர் சிந்தனை வேறெங்கோ இருந்தது.

அன்றிரவு கோவளத்திற்கு அழைக்கப்பட்ட கலாம், கண்டனத்தை எதிர்பார்த்தே சென்றார். சாராபாயோ எவர்மீதும் குற்றம் சுமத்தாது, குறையின் வேரைத் தேடினார். மின்னமைப்புப் பணியும் இயந்திர அமைப்புப் பணியும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களில் நடந்து வந்தன. இரண்டையும் ஒருங்கிணைக்க ஒரே கூரை இல்லை. இதுவே மூலகாரணம் எனத் தெளிந்ததும், விடியுமுன்னரே ராக்கெட் பொறியியல் பிரிவை நிறுவும் முடிவு உருவாயிற்று. ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்தும் நோக்கவேண்டும் என்னும் அநேகாந்த நெறியை அறிந்த நமக்கு, இந்நிகழ்வு ஆழ்ந்து எண்ணத்தக்கது.

1967 நவம்பரில் இந்தியாவிலேயே உருவான ரோகிணி ராக்கெட் தும்பாவிலிருந்து விண்ணேறியது. 1971 டிசம்பர் 30 அன்று, அதே கோவளத்தில், 52ஆம் வயதில் சாராபாய் மறைந்தார். 1975இல் ஆரியபட்டா விண்ணில் வலம் வந்ததை அவர் காணவில்லை. தும்பா மையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சோதனைக் கூடத்தில் நேர்ந்த ஒரு பிழையைப் பழிக்குரியதாக்காமல் படிப்பினையாக்கிய அப்பெருந்தன்மையும் நாம் போற்றிப் பேணத்தக்கதே.