சாவியை மாற்றச் சொன்ன பேராசிரியர்

ஊழியர் ஒருவர் பணியிலிருந்து விலகினால் அவரது நாற்காலி மறுநாளே அடுத்தவருக்குப் போய்விடுகிறது. சர்வரில் அவருக்கிருந்த அனுமதியோ பல மாதங்கள் அப்படியே கிடக்கிறது. இந்த மெத்தனத்தைக் காணும்போதெல்லாம் ஆகுஸ்ட் கெர்க்கோஃப்ஸை நினைத்துக்கொள்கிறேன்.

1835-இல் நெதர்லாந்தில் பிறந்தவர் அவர். பெல்ஜியத்தின் லீஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று, பிரான்சில் ஆசிரியரானார். பாரிஸ் வணிகக் கல்லூரியில் ஜெர்மன் மொழி கற்பித்தார். அவர் படைத் தளபதி அல்லர். ஆயினும், 1883-இல் பிரெஞ்சு ராணுவ அறிவியல் இதழில் ரகசிய எழுத்துமுறை பற்றி அவர் எழுதிய கட்டுரை அத்துறைக்கே அடித்தளமாயிற்று.

தந்தி பரவிவிட்ட காலம் அது. ராணுவச் செய்திகள் பலர் கைகளைக் கடந்தன. அவர் வகுத்த நிபந்தனைகள் ஆறு. அவற்றில் இரண்டு இன்றும் வாழ்கின்றன. முறை எதிரியின் கையில் சிக்கினாலும் தீங்கு நேரக்கூடாது. சாவிச்சொல் எழுதி வைக்காமலே நினைவில் நிற்க வேண்டும், வேண்டும்போது மாற்றத்தக்கதாகவும் இருக்க வேண்டும்.

பொருளியல் பயின்ற நான் இதில் ஒரு செலவுக் கணக்கைக் காண்கிறேன். படை முழுவதும் பழகிய முறையை மாற்றப் பெரும் பொருளும் காலமும் வேண்டும். சாவியை மாற்றுவது எளிது. எனவே, எளிதில் மாற்றக்கூடியதிலேயே ரகசியத்தை வைக்க வேண்டும்.

பின்னாளில் வோலாபுக் என்னும் செயற்கை உலகமொழியின் கழகத்துக்கு அவர் தலைமையேற்றார். மொழியைப் படைத்த ஷ்லையர் இறுதி அதிகாரம் தமக்கே வேண்டுமென்றார். அப்பிணக்கில் கெர்க்கோஃப்ஸ் விலகினார், 1903-இல் மறைந்தார். கணினியை அவர் கண்டதில்லை.

ஆனால், 1999-இல் வெளியான ஓப்பன் எஸ்எஸ்எச் அவர் வழியில்தான் நிற்கிறது. அதன் நிரல் அனைவருக்கும் திறந்திருக்கிறது. காவல் முழுவதும் தனிச்சாவியில் உள்ளது. லினக்ஸ் சர்வரில் ஒற்றை வரிக் கட்டளையால் கடவுச்சொல்லை மாற்றலாம், பூட்டலாம். ஆனால், கடவுச்சொல்லை மட்டும் பூட்டிவிட்டு, விலகியவரின் பொதுச்சாவியை அங்கேயே விட்டுவைத்தால் அவர் மீண்டும் நுழைய வழியிருக்கும்.

காரணமின்றிக் குறித்த கெடுவில் கடவுச்சொல்லை மாற்றச் சொல்வதும் தீர்வாகாது. மனிதர்கள் அதை எழுதி ஒட்டிவைப்பார்கள். கசிவுக்குச் சான்று கிடைத்தால் மாற்றச் செய்க என்றே அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமும் 2017-இல் வழிகாட்டியது.

விடைபெறும் நாளிலேயே சாவியையும் திரும்பப் பெறுவதை நிர்வாகங்கள் விதியாக்கட்டும். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது என்பதை ஒரு மொழியாசிரியர் அன்றே கணக்கிட்டு வைத்திருக்கிறார்.