கடலின் நிறத்தைத் தேடிய சேர் சி. வி. இராமன்

சென்ற கோடையில் எமது மாணவர் சிலர் ஸ்டீவன்ஸ் கிரீக் நீர்த்தேக்கக் கரையில் எடுத்த ஒளிப்படங்களை எம்மிடம் காட்டினர். சூரியனை நோக்கி எடுத்த படங்களில் முகங்களின்மேல் வட்டவட்டமாக ஒளிப்பொட்டுகள் விழுந்திருந்தன. நீரோ வெள்ளித்தகடுபோற் பளபளத்ததேயன்றி அதன் நிறம் தெரியவில்லை. கமரா பழுதோ என வினவினர். பழுதன்று. இரண்டுக்கும் காரணம் மேற்பரப்பில் ஒளி தெறிப்பதே. (தமிழகத்துப் பெற்றோர் இதனை எதிரொளிப்பு என்பர்.) அத்தெறிப்பை விலக்கிப் பார்த்த தமிழர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

சந்திரசேகர வெங்கட இராமன் 1888 நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவிற் பிறந்தார். தந்தையார் ஆசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராயிருக்கும்போதே, 1906இல், ஒளி பற்றிய அவரது முதற் கட்டுரை இலண்டன் ஆய்விதழ் ஒன்றில் வெளியாயிற்று. எனினும் அக்காலத்தில் ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க வழியில்லை. 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். அங்கே பௌபசார் வீதியில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுகூடம் அவரை ஈர்த்தது. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் அங்கேயே உழைத்தார். பத்தாண்டுகள் இவ்வாறு கழிந்தபின், 1917இல் உயர்ந்த ஊதியத்தைத் துறந்து, குறைந்த ஊதியத்திற் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். குடும்பத்தைத் தாங்கும் எவருக்கும் இது எளிய முடிவன்று என்பதைப் பெற்றோர் அறிவர்.

1921இல் இங்கிலாந்து சென்று நர்க்குண்டா என்னும் கப்பலில் மீண்டபோது, மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. கடல் நீலமாய்த் தோன்றுவது வானத்தின் தெறிப்பாலேயே என்பது பேரறிஞர் றேலி பிரபுவின் கருத்து. இராமன் அதனை அப்படியே ஏற்கவில்லை. அவரிடம் நிக்கல் அரியம் என்னும் சிறு பளிங்குக் கருவி இருந்தது. நீர்ப்பரப்பில் ஒரு குறித்த சரிவில் தெறிக்கும் ஒளியின் அதிர்வு ஒரே தளத்தில் அமைவதால், அரியத்தை உரியவாறு திருப்பினால் அவ்வொளி மறையும். திருப்பினார், வானத்தின் பளபளப்பு அகன்றது. நீலமோ மங்காமல் மேலும் தெளிவாயிற்று! நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என அவர் துணிந்தார். ஓர் அரியத்தை வகுப்பு முழுவதும் கைமாற்றிப் பார்த்த பாடசாலையிற் கற்பித்த எமக்கு இந்நிகழ்ச்சியில் தனிப் பற்றுண்டு.

அச்சிதறலைத் தொடர்ந்து ஆராய்ந்ததன் பயனே, 1928 பெப்ரவரி 28ஆம் நாள் கண்டறியப்பட்ட இராமன் விளைவு. ஒரு நிற ஒளியைத் திரவத்தினூடு செலுத்தினால், சிதறிய ஒளியில் மிகச் சிறு பகுதி வேறு நிறமாக மாறியிருக்கும். இதற்காக 1930இல் நோபல் பரிசு பெற்றார். உடனுழைத்த கே. எஸ். கிருஷ்ணனும் தமிழரே. அவர் பெயர் நம் விழாக்களில் ஒலிக்காதது குறையென்றே கருதுகின்றோம்.

இனிக் கமராவுக்கு வருவோம். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கைத் திருப்பியனுப்பும். ஒரு கமராவிற் பல வில்லைகள் உண்டு. அவற்றிடையே முன்னும் பின்னும் தெறித்த ஒளியே படத்திற் பொட்டாக விழுகிறது. மில்லிமீற்றரில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிப்பில் ஒரு பூச்சை இட்டால், பூச்சின் மேற்பரப்பில் தெறிக்கும் அலையும் அடியில் தெறிக்கும் அலையும் ஒன்றையொன்று அழிக்கும். இம்முறையை 1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் ஸ்மாகுலா உருவாக்கினார். அதில் இராமனுக்குப் பங்கில்லை. ஆனால் மெல்லிய படைகளில் ஒளியலைகள் கூடியும் அழிந்தும் நிறங்காட்டுவதை, பெங்களூரில் வாழ்ந்த காலத்தில் முத்துச் சிப்பிகளில் அவர் ஆராய்ந்தார். 1948இல் அங்கே தமது ஆய்வு நிலையத்தை நிறுவி, 1970 நவம்பர் 21ஆம் நாள் மறையும்வரை அதிலேயே உழைத்தார்.

மாணவர்களே, கமராவின் வில்லையைச் சரித்துப் பாருங்கள். ஊதாவோ பச்சையோ மின்னும். அதுவே பூச்சு. அடுத்த முறை நீர்த்தேக்கத்துக்குப் போகும்போது, தந்தையாரின் போலரைஸ்ட் வெயிற்கண்ணாடியைக் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். நீரைச் சரிவாக நோக்கியபடி கண்ணாடியை மெல்லத் திருப்பினால், ஓரிடத்திற் பளபளப்பு மறைந்து கரையோரத்துக் கற்கள் தெரியும்.